பெருநாளுக்கு அடுத்த வாரத்துக் கடல்

மஹ்பூபாவுக்கு யாரைக் கண்டும் பொறாமை கிடையாது, ஒரே ஓர் ஆளைத் தவிர. அது அவளுடைய சம்பந்தி, புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் ஹபீபா பீவி. ஐந்து வேளையும் தொழுதுவிட்டு, மனசில் இருக்கும் இந்த அழுக்கை நீக்கு ரஹ்மானே என்று கை ஏந்துவாள். தொழுகை விரிப்பை மடித்து வைப்பதற்குள் அது திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எல்லாம் மகனால்தான். ஐமான் கிழக்குக் கரையில், பெர்ஹெந்தியான் தீவில், வருகிறவர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்க் காட்டும் வேலை பார்க்கிறான். ஆண்டுக் கடைசியில் அந்தப் பக்கம் மழையும் காற்றும் அடிக்கும், தீவையே மூடிவிடுவார்கள். அந்த மாதங்களில் வீட்டுக்கு வருவான்தான். ஆனால் எந்த வீட்டுக்கு? மனைவி ஃபாத்தினோடு மாமியார் வீட்டுக்கு. லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடை மாடியில் தையல் மெஷினும் தானுமாக இருக்கும் பெற்றவளுக்கு வெள்ளிக்கிழமை மட்டும். ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து, சோறு தின்றுவிட்டுக் கிளம்பிவிடுவான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஒரு படம். கல்யாணமான புதிதில், நோன்புப் பெருநாளுக்கு அடுத்த வாரம், ஐமான் மாமியாரைக் கடலுக்கடியில் கூட்டிப்போனான். பளிங்குத் தண்ணீர், பக்கத்தில் ஓர் ஆமை, நடுவே கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு ஹபீபா பீவி. பெருநாள் தவறாமல் அந்த அம்மாள் அதை வாட்சப்பில் போட்டுவிடுவார். கீழே, “என் மருமகன் தங்கம்.”

இந்த வருடம் மஹ்பூபா முடிவு செய்துவிட்டாள்.

“பெருநாளுக்கு அடுத்த வாரம் நானும் வர்றேன்,” என்றாள், மகனின் சோற்றில் மீன் ஆணத்தை ஊற்றிக்கொண்டே.

“இப்ப வேணாம்லா உம்மா. ஜூன்ல வாங்க. அப்பதான் தண்ணி தெளியும்.”

“உன் மாமியா மட்டும் பெருநாளுக்கு அடுத்த வாரம் வந்தாங்க?”

“அப்ப பெருநாளே ஜூன்லதானே வந்துச்சு! வருசா வருசம் நவுந்து இப்ப மார்ச்சுக்கு வந்துருச்சு. பெருநாள் நவுரும், கடல் நவுராது உம்மா.”

பிறை பார்த்துக் கணக்கிடும் மாதங்கள் நகர்வது மஹ்பூபாவுக்குத் தெரியாததா? வெயிலிலும் நோன்பு பிடித்திருக்கிறாள், அடைமழையிலும் பிடித்திருக்கிறாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

“மாமியாளுக்குப் பெருநாள், உம்மாவுக்கு ஜூனா? நான் எறங்குனா மட்டும் கடல் கலங்கிருமோ?”

“சரி, வாங்க,” என்று ஐமான் சோற்றைப் பிசைந்தான். கூட வந்திருந்த ஃபாத்தின் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

நீச்சல் துணி வாங்கி மஹ்பூபா தனக்குத்தானே நீள உடுப்பும் தலைமூடியும் தைத்தாள். படத்தில் சம்பந்தியின் தலைமூடி வெறும் கறுப்பு. இவளுடையது கத்தரிப்பூ நிறம், ஓரத்தில் பூவேலை.

பெருநாள் முடிந்து ஐமான் வேலைக்குத் திரும்பும்போது கூடவே போனாள். மலைப்பாதையில் பாதி நாள் கார், பிறகு படகு. படகில் குடலே வெளியே வந்துவிடும்போல இருந்தது. தீவில் காற்று இன்னும் அடங்கவில்லை. கரையோரத் தண்ணீர், தேத்தண்ணியில் பாலை ஊற்றியது மாதிரி.

“பாத்தீங்கள்ல? நாளைக்கே ஊருக்குத் திரும்பிர்றீங்களா?”

“எறக்கிவிடு.”

ஆழம் குறைந்த இடமாகப் பார்த்து இறக்கினான். மூச்சுக்குழாயின் ரப்பரைக் கடித்த வாய்க்குள்ளேயே பிஸ்மில்லாஹ் சொல்லிக்கொண்டு முங்கினாள். ஒன்றுமில்லை. மீனில்லை, பவளமில்லை, தன் முழங்கால்கூடத் தெரியவில்லை. தன் மூச்சுச் சத்தம் மட்டும் காதை அடைத்தது. பயத்தில் கையை வீசினாள்.

ஒரு கை வந்து பிடித்தது. விரல்களுக்குள் விரல்களைக் கோத்து இறுக்கிக்கொண்டது.

பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே ரோட்டைக் கடக்கும்போது உதறிக்கொண்டு ஓடிய கை அது. பெருநாளுக்கு ஸலாம் கொடுக்கும்போதும் ஒரு முத்தத்தோடு அடுத்த ஆளிடம் போய்விடும். இப்போது போகவில்லை. மஹ்பூபா மூச்சை மெதுவாக விட்டாள். பார்க்க எதுவும் இல்லாத அந்தக் கலங்கலில் வேண்டுமென்றே நேரத்தைக் கடத்தினாள்.

மேலே வந்ததும் மூச்சு வாங்கக் கேட்டாள்: “உன் மாமியா கையையும் இப்புடித்தான் புடிச்சிருந்தியா?”

“அவங்களுக்கு எதுக்கு? தண்ணி பளிச்சுன்னு இருந்துச்சு. அவங்க பாட்டுக்கு மெதந்தாங்க, நான் தள்ளி நின்னு படம் புடிச்சேன். இன்னக்கி உங்க கைய விட்டிருந்தா, எங்க போயி தேடுறது?”

அவள் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வரக்கூடாத சந்தோஷம் ஒன்று வந்துவிட்டது. அஸ்தஃபிருல்லாஹ், மன்னிச்சிரு ரஹ்மானே என்று முணுமுணுத்தாள். அது போவதாக இல்லை.

“ஜூன்ல வாங்க உம்மா,” என்றான் ஐமான், பாவமாக. “உங்களுக்கும் ஆமை காட்டுறேன்.”

“ஆமைய அவங்களே பாத்துக்கட்டும். அடுத்த வருசமும் நான் நோன்புப் பெருநாள் முடிஞ்சுதான் வருவேன்.”

“அடுத்த வருசம் இன்னும் முன்னாடியே வருது. கடல் இதவிட மோசமா இருக்கும். தீவையே தொறக்க மாட்டாங்க.”

“தொறக்கலன்னா ரொம்ப நல்லது,” என்றாள் மஹ்பூபா, தலைமூடியைப் பிழிந்துகொண்டே. “அந்த வாரம் நீ என் வீட்டுல இரு.”