பின்சீட்டில் ஒரு குரல்

விருத்தாசலத்துக்குள் நுழையும்போது ஹெல்மெட்டுக்குள் இரையும் காற்றில் காது வலிக்கிறது. ஜங்ஷன் சாலையில் ஒரு மெக்கானிக் கடை முன்னால் பைக்கை நிறுத்துகிறேன். இரைச்சலைச் சொன்னதும், கடைக்காரர் செல்வராசு ஹேண்டில்பாருக்கு முன்னால் காற்றுத் தடுப்பாக இருக்கும் விண்ட்ஷீல்டை அசைத்துப் பார்க்கிறார்.

"நேரா நிக்குதுங்க. அதான் காத்து மேல ஏறி உங்க தலையிலயே வந்து அடிக்குது. கொஞ்சம் சாய்ச்சி வுடலாம்."

ரப்பர் வாஷர்கள் கொடுத்துச் சாய்த்து முடுக்குகிறார். "ஓட்டிப் பாத்துடலாங்க" என்று பின்னால் ஏறிக்கொள்கிறார். என் மனைவி நர்ஸ் வேலைக்கு மஸ்கட் போய் ஒன்றரை வருடமாகிறது. அதற்குப் பிறகு அந்த சீட்டில் உட்காரும் முதல் ஆள் இவர்தான்.

பீங்கான் சூளைகளைத் தாண்டி வேகமெடுக்கிறேன். இரைச்சல் இல்லை.

"இப்ப நான் பேசுறது கேக்குதுங்களா?" அவர் கத்தவே இல்லை.

"நல்லா கேக்குதுங்க."

என் மனைவி பின்னால் வரும்போது எதைச் சொன்னாலும் இரண்டு முறை கத்த வேண்டியிருக்கும். பாதி வழியிலேயே அலுத்துப்போய், என் முதுகில் தலையைச் சாய்த்துப் பேசாமல் வருவாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை போனில் பத்து நிமிடம்தான் கிடைக்கிறது. இந்த வேலையை அப்போதே செய்திருக்கலாம்.

"போதுங்க, திரும்பிடலாம்" என்கிறார் செல்வராசு.

"இன்னும் கொஞ்ச தூரம் போயிட்டுத் திரும்பலாங்க. ஏதாவது பேசிக்கிட்டே வாங்க" என்கிறேன்.