மேலே போ, கீழே போ

பத்தாம் வகுப்பு இங்கிலீஷு பரீட்சையை நான் இரண்டு தடவை எழுதினேன். முதல் தடவை முப்பத்து மூன்று மார்க்கு. பாஸாக முப்பத்தைந்து வேண்டும். அப்போது எனக்கு வயது நாற்பத்து மூன்று.

போடியில் இருந்து தினமும் ஜீப்பில் போடிமெட்டு மலை ஏறி, அந்தப் பக்கம் கேரளாவில் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறவள் நான். முதலில் காய் எடுத்தேன். அப்புறம் ஸ்டோரில் போட்டார்கள். ஸ்டோர் என்றால் பச்சைக் காயைக் கழுவி, தட்டில் பரப்பி, விறகுச் சூட்டில் உலர்த்துகிற கட்டடம். சூடு கூடினால் காய் வெடிக்கும், நிறம் போகும். குறைந்தால் பூசணம் பிடிக்கும். ஒரு பிடி அள்ளிக் காதோரம் குலுக்கினால் உள்ளே ஏலரிசி, அதாவது விதை, உருளும். அந்தச் சத்தத்தை வைத்து இறக்கலாமா வேண்டாமா என்று சொல்வேன். பதினோரு வருடத்தில் நான் சொல்லி இறக்கிய காய் ஒன்றும் திரும்பி வந்ததில்லை.

ஸ்டோர் சூப்பர்வைசருக்கு முழங்கால் போய்விட்டது. அடுத்த சீசனுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்த இடத்துக்கு என்னைப் போட மேனேஜருக்கு மனசு இருந்தது. ஆனால் காய் வெளிநாடு போகிறது. எத்தனை மணிக்குத் தட்டு ஏறியது, என்ன சூடு, எப்போது இறங்கியது, எல்லாம் இங்கிலீஷில் நோட்டில் இருக்க வேண்டும். வாங்குகிறவர்கள் வந்து நோட்டைப் பார்ப்பார்கள்.

மேனேஜர் மலையாளி. தமிழும் பேசுவார்.

“பத்தாம் கிளாஸ் பாஸ் வேணும் கேட்டோ. இல்லைன்னா மேலே உள்ளவங்க சம்மதிக்க மாட்டாங்க. அடுத்த சீசன் தொடங்குற வரைக்கும் நான் யாரையும் எடுக்கலை. அது கழிஞ்சா வெளியில இருந்து ஆள் வரும்.”

“சரி சார்” என்றேன்.

எட்டாவது பாஸ் பண்ணிய சர்டிபிகேட் வீட்டில் இருந்தது. தனித்தேர்வராக எழுதலாம் என்றார்கள். பெயர் கொடுத்தேன். என் ஸ்டோருக்கு வெளியில் இருந்து ஒரு ஆள் வந்து, காயைக் குலுக்கத் தெரியாமல் எனக்குச் சொல்லிக் கொடுப்பான். அது நடக்கக் கூடாது. எனக்கு இருந்த யோசனை அவ்வளவுதான்.

போடியில் ஒரு டீச்சர் ஞாயிற்றுக்கிழமை டியூஷன் எடுத்தார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். அவர்கள் குடும்பத்துக்கு மிளகு, கிராம்பு வியாபாரம். கடைக்கு மேல் மாடி. காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு மதியம் பாடம். படி ஏறும்போதே மிளகு நெடியில் தும்மல் வரும். தனித்தேர்வர்கள் நாலு பேர் சேர்ந்தோம். தீபாவளிக்குப் பிறகு நான் மட்டும் இருந்தேன்.

வாக்கியம் நாலு வகை என்றார் டீச்சர். செய்தி சொல்வது, கேட்பது, ஏவுவது, வியப்பது. ஒவ்வொன்றுக்கும் பத்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

ஏவுவது எனக்கு உடனே வந்தது. எடு, தூக்கு, கூட்டு, வெரசா வா. வேலைக்குப் போன நாளில் இருந்து காதில் விழுந்தது அதுதான். பத்துக்கு முப்பது எழுதினேன். கேட்பதற்கு ஒரு வாரம் ஆனது. மேலே இருப்பவர்களிடம் கேள்வி கேட்டுப் பழக்கம் இல்லை. வியப்பதற்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை.

“ஏன் அக்கா, எதையாவது பார்த்து ஆகான்னு சொன்னதே இல்லையா?”

“இல்லை டீச்சர்.”

“தினமும் மலைக்குப் போறீங்க. மேகம் வருது, அருவி விழுது. அதைப் பார்த்தா என்ன தோணும்?”

“குளிரும் டீச்சர்.”

அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. ‘என்ன குளிர்’ என்பதை இங்கிலீஷில் அவரே ஒன்று எழுதிக் கொடுத்தார். மனப்பாடம் செய்தேன்.

காலம் எனக்குக் கஷ்டமாக இல்லை. நேற்று ஏற்றிய தட்டு, இப்போது காய்கிற தட்டு, நாளைக்கு ஏற்றப் போகிற தட்டு என்று வைத்துக்கொண்டேன். ஏற்றி முடித்து இன்னும் சூட்டில் இருக்கிற தட்டுக்கும் ஒரு காலம் இங்கிலீஷில் தனியாக இருந்தது. அதைக் கண்டுபிடித்தவன் ஏதாவது ஒரு ஸ்டோரில் வேலை பார்த்திருப்பான் என்று நினைத்தேன்.

செயப்பாட்டு வினை நடத்திய அன்று டீச்சர் எனக்காகவே ஓர் உதாரணம் போட்டார். ஏலக்காய் அந்தப் பெண்ணால் உலர்த்தப்பட்டது. இங்கிலீஷில் ‘அந்தப் பெண்ணால்’ என்பது கடைசியில் வரும். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், வாக்கியம் தப்பாகாது என்றார். ஸ்டோர் நோட்டு ஞாபகம் வந்தது. மறுநாள் போய் எழுத்துக் கூட்டிப் படித்தேன். கழுவப்பட்டது. உலர்த்தப்பட்டது. மூட்டை கட்டப்பட்டது. எல்லா வரியிலும் கடைசியை விட்டிருந்தார்கள். பதினோரு வருடம் என் வேலை அந்த நோட்டில் இருந்தது. நான் இல்லை.

படிக்க நேரம் ஜீப்பில்தான். காலை ஆறு மணிக்கு ஏறுவோம். நாங்கள் பன்னிரண்டு பேர். முன்சீட்டில் ஓர் அக்கா. வாந்தி வரும் என்று சொல்லி அந்த இடத்தைப் பிடித்தவள். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் வாந்தி எடுத்ததில்லை. அடிவாரத்து முந்தல் தாண்டினால் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும். மொத்தம் பதினேழு. வளைவுக்கு ஒரு வினைச்சொல் என்று வைத்துக்கொண்டேன். ஏறும்போது படிப்பு. சாயங்காலம் இறங்கும்போது பரீட்சை. பன்னிரண்டாவது வரை படித்த ஒருத்தி கைடைப் பிடித்துக்கொண்டு கேட்பாள். தப்பாகச் சொன்னால் டிரைவர் ஹாரன் அடிப்பார்.

“ஏத்தா, வெட்டுறதுக்கு என்ன?” என்றாள் முன்சீட்டு அக்கா.

“கட்.”

“நேத்து வெட்டுனதுக்கு?”

“கட்.”

“வெட்டி முடிஞ்சதுக்கு?”

“அதுக்கும் கட்தான்க்கா.”

“இது நல்ல வார்த்தைடீ. உன் வீட்டுக்காரன் மாதிரி. எப்பக் கேட்டாலும் ஒரே பதில்.”

ஜீப்பு முழுக்கச் சிரித்தது. எதிரே வந்த பஸ்சுக்கு அடித்த ஹாரனை எனக்கு அடித்ததாக நினைத்து, சரியாகச் சொன்னதையே மாற்றிச் சொல்லியிருக்கிறேன். மாசி முடிவதற்குள் அந்த ஜீப்பில் எல்லோருக்கும் முப்பது வினைச்சொல் தெரியும். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர்களுக்கும் தெரியும்.

முதல் பரீட்சை நன்றாகத்தான் எழுதினேன். அதில் ஒரு வரைபடம் வரும். தெரு, பள்ளிக்கூடம், பேங்கு, ஆஸ்பத்திரி எல்லாம் போட்டிருக்கும். வழி தெரியாத ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், சொல்லு என்று கேட்பார்கள். இரண்டு மார்க்கு. ஏவல் வாக்கியம். எனக்குப் பிடித்த வகை. யோசிக்காமல் எழுதினேன். மேலே போ. பள்ளிக்கூடத்தைத் தாண்டு. கீழே இறங்கு. ஆஸ்பத்திரி வரும்.

ரிசல்ட் வந்தது. நாலு பாடம் பாஸ். கணக்கில்கூட முப்பத்தாறு. இங்கிலீஷு முப்பத்து மூன்று. டீச்சர் கேள்வித்தாளை எடுத்து வைத்து, என்ன எழுதினேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வரைபடத்துக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

“அக்கா, இதுல மேடு எங்க இருக்கு?”

“பள்ளிக்கூடம் மேல இருக்கே டீச்சர்.”

“அது பேப்பர்ல மேல. தரையில எல்லாம் சமம். இந்த இடத்துல இடது பக்கம் திரும்பணும்.”

“திரும்பினா மேடா, பள்ளமா?”

“ரெண்டும் இல்ல.”

“அப்படி ஒரு ஊரா டீச்சர்?”

மலையில் இடது வலது சொல்லி யாரும் வழி சொல்வதில்லை. பத்தடி போனால் வளைவு வரும். இடது பக்கம் இருந்த ஓடை வலது பக்கம் கிடக்கும். இருபது வருடமாக மேலே, கீழே என்று சொல்லித்தான் ஆட்களை அனுப்பியிருக்கிறேன். எல்லோரும் போய்ச் சேர்ந்தார்கள். மார்க்கு எங்கே போனது என்று யாரும் எழுதித் தரப்போவதில்லை. ஆனால் எனக்குக் குறைந்ததும் இரண்டு. அந்தக் கேள்விக்கும் இரண்டு.

மறுநாள் ஜீப்பில் சொன்னேன். மூன்று வளைவு தாண்டியது. அப்புறம் முன்சீட்டு அக்கா திரும்பாமலே சொன்னாள்.

“மேலேன்னா மேலேதானே. தாள் திருத்துன ஆளு போடிமெட்டு ஏறியிருக்க மாட்டாரு.”

“துணைத்தேர்வு இருக்குக்கா. ஆனி மாசம்.”

“அப்பச் சரி. படி. ஏண்டீ, அந்தக் கைடை எங்க வச்சீங்க?”

அடுத்த ஞாயிறு டீச்சர் பாடம் எடுக்கவில்லை. வாங்க அக்கா என்று பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனார். நடந்துகொண்டே, போகிற வழியை இங்கிலீஷில் சொல்லச் சொன்னார். போடி சமமான ஊர்தான். அங்கேயே இருந்தும் நான் அதைக் கவனித்ததில்லை. என் இடது பெருவிரலில் அரிவாள் பட்ட தழும்பு இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டேன். தழும்பு என்றால் லெஃப்ட். டர்ன் லெஃப்ட். கோ ஸ்ட்ரெய்ட். டர்ன் ரைட். ஒரு பலசரக்குக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“என்ன டீச்சரம்மா, அந்தம்மா ஊருக்குப் புதுசா? வழி சொல்லிக்கிட்டு வர்றீங்க?”

“இல்ல அண்ணே. அவங்க எனக்குச் சொல்றாங்க” என்றார் டீச்சர்.

நாலு ஞாயிறு அப்படி நடந்தோம். போடியில் நான் இங்கிலீஷில் திரும்பாத முக்கு இல்லை.

துணைத்தேர்வு அன்று மலையில் நல்ல மழை. ஜீப்பு நான் இல்லாமல் ஏறியது. வரைபடம் இந்தத் தடவையும் வந்தது. கோயில், போஸ்டாபீசு, பூங்கா. விரலைப் பார்த்துக்கொண்டு எழுதினேன். மூன்று மணி நேரமும் உட்கார்ந்து, எழுதியதை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

ரிசல்ட்டுக்குள் சீசன் தொடங்கிவிட்டது. முதல் காய் ஸ்டோருக்கு வந்தது. வெளியில் இருந்து ஓர் ஆளும் வந்து இடத்தைப் பார்த்துவிட்டுப் போனான். தட்டுகளை எண்ணினான். காயைத் தொடவில்லை.

ரிசல்ட் வருகிற அன்று காலையில் மேனேஜர் சொன்னார். “இன்னைக்குத் தெரிஞ்சுடும் அல்லோ. நாளைக்கு அந்த ஆளுக்கு நான் பதில் சொல்லணும்.”

ஸ்டோரில் போனுக்குச் சிக்னல் கிடையாது. சாயங்காலம் இறங்கும்போது பாதி மலையில் ஒரு வளைவில் தமிழ்நாட்டுச் சிக்னல் கிடைக்கும். நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்த இடம் வந்ததும் டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். இன்ஜினையும் நிறுத்தினார். போன் அடித்தது. டீச்சர்.

“அக்கா, அறுபத்தொண்ணு.”

போனைக் காதோடு இன்னும் அழுத்தினேன்.

“கேக்குதா? ஆறு, ஒண்ணு. அறுபத்தொண்ணு.”

“கேக்குது டீச்சர்.”

“அவ்வளவுதானா? அந்த நாலாவது வகை வாக்கியத்துல ஒண்ணு இப்பவாவது சொல்லுங்க அக்கா.”

யோசித்தேன். “குளிருது டீச்சர்” என்றேன். அவர் சிரித்தது ஜீப்புக்கே கேட்டது.

முன்சீட்டு அக்கா கதவைத் திறந்து இறங்கினாள். பின்னால் வந்து நின்றாள்.

“நீ போய் முன்னாடி உக்காரு. எனக்கு வாந்தி நின்னு போச்சு.”

உட்கார்ந்தேன். அங்கே இருந்து பார்த்தால் வளைவு வருவதற்கு முன்பே தெரிகிறது. இத்தனை வருடம் எனக்குத் தெரியாது.

மறுநாள் மேனேஜர் ஸ்டோர் சாவியைக் கொடுத்தார். நோட்டு என் கைக்கு வந்தது. நான் எழுதுகிற வரிகளில் கடைசியை விடுவதில்லை. இன்னாரால் கழுவப்பட்டது, இன்னாரால் உலர்த்தப்பட்டது என்று அன்று வேலை செய்தவர்கள் பெயரைப் போடுகிறேன்.

“நீளமா இருக்கே” என்றார் மேனேஜர்.

“இருக்கட்டும் சார்.”

அவர் இன்னொரு வேலையும் சொன்னார். காய் பார்க்க வருகிறவர்கள் கேட்டில் இருந்து ஸ்டோருக்கு வழி தெரியாமல் சுற்றுகிறார்கள், இங்கிலீஷில் ஒரு போர்டு வேண்டும் என்றார். தகரத்தில் நானே எழுதினேன். மேலே போ. திரும்பாதே. மறுபடி மேலே போ. புகை தெரிகிற இடத்தில் நில்.

மேனேஜர் படித்தார். “லெஃப்ட், ரைட் ஒண்ணும் வேண்டாமா?”

“இங்க வேண்டாம் சார்.”

போர்டு கேட்டில் நிற்கிறது. இரண்டு மழை பார்த்துவிட்டது. எழுத்து மங்கினால் நான்தான் பெயின்ட் வைக்கிறேன். இதுவரை ஒரு வண்டியும் வழி தவறவில்லை.