சாமியைத் தொடாத பல்

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ. ஒரு நாளிதழுக்காக விருத்தாசலத்தில் செய்தி சேகரித்துக்கொண்டிருந்தேன். கொலு நெருங்கியதால் பீங்கான் பொம்மைகளைப் பற்றி எழுத ஒரு சிறு பட்டறைக்குப் போனேன்.

அச்சிலிருந்து எடுத்த பொம்மைகள், சூளைக்குப் போகும் முன், பலகைகளில் காய்ந்துகொண்டிருந்தன. நிறமில்லை, கண்ணில்லை. வேகமாகக் காய்ந்தால் விரிசல் விடும் என்று மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். நண்பகலிலும் அந்தக் கூடத்தில் சத்தமே இல்லை.

ஒரு போலீஸ்காரருக்குக் கட்டைவிரலைக் காணோம். பழக்காரிக்குக் காது இல்லை. மணப்பெண்ணின் பாதத்தில் சின்னச் சின்னப் பல் தடம். நான் குறிப்பேட்டில் எழுதியது இரண்டே சொற்கள்: எலித் தொல்லை.

"எலின்னுதான் பொறி வெச்சோம் சார்," என்றார் மேற்பார்வை பார்த்த அக்கா. "ஆனா பாருங்க, முருகன், பிள்ளையாரு, லட்சுமி, ஒண்ணுத்தையும் தொடல. எலிக்குச் சாமி தெரியுமா?"

வாசலில் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கின. பொம்மைகளின் ஓரப் பிசிறைச் சீவும் பெண்கள் தனியாக அந்தக் கூடத்துக்குள் போவதில்லை. ஒருத்தி மட்டும் போவாள். எல்லாரிலும் சிறியவள், ஏழு மாதக் கர்ப்பிணி. "அவளப் பாத்தா பேயே ஓடிடும்," என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். அவளும் சிரித்தாள், வாயைத் திறக்காமல்.

அவள் கையில் ஒரு பொம்மையைக் கொடுத்துப் படமெடுத்தேன். ஸ்டூடியோவில் பெரிதாக்கிப் பார்த்தபோது அவள் உதட்டோரம் வெள்ளைப் பொடி தெரிந்தது. நகங்களும் அதே வெள்ளை. மறுநாள் படத்தை அக்காவிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"ஏண்டி, வாயத் தொற."

நாக்கில் பொம்மை செய்யும் வெள்ளை மண் ஒட்டியிருந்தது.

"சாமி பொம்மையத் தொடல யக்கா," என்றாள். "வாசன வந்தா கை நிக்க மாட்டுது."

அக்கா அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை. உடனே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். நானும் பின்னால் போனேன். பட்டறையிலிருந்து யாரோ சொல்லியனுப்ப, அவளுடைய மாமியார் எங்களுக்கு முன்பே அங்கு வந்து நின்றிருந்தார்.

நர்ஸ் வயதைக் கேட்டார். "பத்தொம்பது," என்றார் மாமியார். கர்ப்பிணிகளுக்குத் தரும் அட்டையிலும் அப்படித்தான் இருந்தது.

"பதினாறு," என்றார் அக்கா. "வேலைக்குச் சேக்கும்போது ஸ்கூல் சர்ட்டிபிகேட்ட நான் பாத்தேன்."

"ஒன் வேலயப் பாரு. எம் மவன் ஜெயிலுக்குப் போவணுமா?"

"பையன் வெளிய இருப்பான். இவ உசுரோட இருப்பாளா?"

நர்ஸ் அந்தப் பெண்ணிடம் கேட்டார். அவள் மாமியாரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "பதினாறு."

ரத்தப் பரிசோதனை முடிந்ததும், கர்ப்பத்தில் ரத்தம் வற்றிப்போனதால்தான் மண் தின்னத் தோன்றுகிறது என்று டாக்டர் சத்தம் போட்டார். பத்தொன்பது என்று எழுதியிருந்ததால், கூடுதல் கவனம் தேவைப்படுபவர்கள் பட்டியலில் அவளை யாரும் சேர்க்கவில்லை. வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகே அவள் சாப்பிட்டாள். சத்து மாத்திரை குழந்தையைப் பெரிதாக்கிவிடும் என்று மாமியார் அதை வாங்கி வைத்துக்கொண்டார். அன்றே கடலூருக்கு அனுப்பி ரத்தம் ஏற்றினார்கள். அவள் பிழைத்தாள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை ஐந்து நாள்தான் இருந்தது.

என் கட்டுரை கொலு மலரில் வெளிவந்தது. அதில் பொம்மைகள் மட்டுமே இருந்தன.

சில மாதம் கழித்து அவள் வேலைக்குத் திரும்பினாள். வாசலில் இருந்த எலுமிச்சையை எடுத்துவிட்டார்கள். பொம்மைகள் முழுசாகச் சூளைக்குப் போயின.

அடுத்த கொலுவுக்கு முன் ஒருநாள் மறுபடியும் அங்கே போனேன். கண்ணில்லாத பொம்மைகளின் வரிசை முன் அக்கா அசையாமல் நின்றிருந்தார். கடைசிப் பலகையில் ஒரு பாம்பாட்டிக்குச் சுண்டுவிரல் இல்லை. பக்கத்திலிருந்த பிள்ளையார் முழுசாக இருந்தார்.

இந்த முறை யாரும் எலிப்பொறியைத் தேடவில்லை. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, "கெளம்புடி," என்றார். அவள் கத்தியை வைத்துவிட்டு எழுந்தாள்.

ஆட்டோவில் ஏறும்போது அக்கா கேட்டது என் காதில் விழுந்தது.

"ஆஸ்பத்திரில வயசு கேட்டா என்னா சொல்லுவ?"

"பதினேழு."