செசிலி அக்கா பார்த்த துப்பறியும் படங்கள்

காரிமங்கலம் சந்தையில் ஒரு நாட்டுக்கோழியைத் தூக்கி எடை பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. செசிலி அக்காவின் மகள் ஸ்டெல்லா பேசினாள். "சித்தி, அம்மா கடலக்காட்டுலயே வுழுந்துட்டாங்க. ஆசுபத்திரிக்குப் போறதுக்குள்ள போயிட்டாங்க." கோழி என் கையிலிருந்து நழுவித் தக்காளி வண்டிக்கு அடியில் புகுந்தது. கோழிக்காரர் என்னைத் திட்டிக்கொண்டே குனிந்தார். அந்தக் கோழி கொத்தாத ஆள் அன்றைக்குச் சந்தையில் இல்லை, அது தனிக்கதை. நான் பஸ் ஏறிவிட்டேன்.

அக்காவுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்துக் காடு. அவர்கள் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள், நாங்கள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அக்கா மொபெட்டை என் வாசலில் நிறுத்துவார். தர்மபுரியில் துப்பறியும் படம் ஓடினால் நாங்கள் இருவரும் பகல் காட்சிக்குப் போவோம். காதல் படம், பேய்ப் படம் எதுவும் அவருக்கு ஆகாது. கொலை விழுந்திருக்க வேண்டும்.

சட்டென்று கை ஓங்கிவிடுவார். ஒருமுறை படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே, பின்சீட்டில் இருந்த ஒரு வாலிபன் கொலைகாரன் யாரென்று போனில் யாருக்கோ சத்தமாகச் சொன்னான். அக்கா திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. குடையைத் தோளுக்கு மேலே ஓங்கிப் பின்னால் ஒரு போடு போட்டார். பையனின் மூக்கில் ரத்தம் வந்துவிட்டது. அவனுடைய அம்மா எழுந்தபோது நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். அந்த அம்மாவோ மகனின் கன்னத்தில் தன் பங்குக்கு ஒன்று வைத்தார். "நாலு நாளா காத்துக்கெடந்து வந்தன்டா இந்தப் படத்துக்கு" என்றார். இடைவேளையில் அக்காவும் அவரும் முறுக்கு பகிர்ந்து தின்றார்கள்.

ஏன் கொலைப் படமே பார்க்கிறார் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். உள்ளூரில் யாரும் கேட்டதில்லை.

அக்காவின் தம்பி அருளப்பனை வரப்புத் தகராறில் வெட்டினார்கள். பாப்பிரெட்டிப்பட்டி ரோட்டோரம், நல்ல வெயிலில், பருத்தி எடுக்கிற பொம்பளைகள் எல்லாம் பார்க்கப் பார்க்க. முதல் வெட்டு தோளில். தடுக்கத் தூக்கிய கையில் அடுத்தது. பிறகு கழுத்து. அக்கா ஓடிப் போய் அவனை மடியில் போட்டு, முந்தானையைக் கழுத்தில் திணித்து, டிராக்டரில் ஏற்றினார். மேடு பள்ளத்தில் வண்டி குதிக்கும்போதெல்லாம் முந்தானை ஊறிச் சொட்டியது. கூட உட்கார்ந்திருந்தவள் நான். ஊத்தங்கரை ரோடு திரும்புவதற்குள் அவன் அடங்கிவிட்டான்.

வெட்டியவன் பேரை இங்கே எழுதமாட்டேன். அந்தப் பேர் ரொம்பப் பரவிவிட்டது. டீக்கடையில் அவன் பேர், அவன் வக்கீல் பேர், பிடித்த இன்ஸ்பெக்டர் பேர், எல்லாம் தெரியும். எந்தப் பட்டறையில் கொடுவாள் அடித்தான் என்பதுகூடத் தெரியும். செத்தவனை மட்டும் "அந்த வெட்டு கேஸ் பையன்" என்றார்கள். பஸ்ஸில் ஒருத்தன் அப்படிச் சொன்னதற்கு அக்கா அவன் சட்டையைப் பிடித்துக் கம்பியோடு மோதினார். "அவனுக்குப் பேரு இருக்குது" என்று சொல்லிச் சொல்லி மோதினார். கண்டக்டர் விசிலடித்து எங்களைக் காட்டுக்கு நடுவே இறக்கிவிட்டார்.

அதிலிருந்துதான் படம் பார்க்கும் பழக்கம் வந்தது. படம் முடிந்ததும் அக்கா தியேட்டர் கேட்டில் நின்றுகொள்வார். வெளியே வருகிறவர்களிடம் ஒரே கேள்வி: "செத்தவன் பேரு என்னாங்க?" பெரும்பாலும் முழிப்பார்கள். போலீசாக நடித்தவன் பேரைச் சொல்வார்கள், கொலைகாரன் பேரைச் சொல்வார்கள். மறுநாள் தண்ணிக் குழாயடியில் பெண்கள், படத்துக்குப் போகலாமா, போனில் வருகிறவரை இருக்கலாமா என்று கேட்டால் அக்காவின் தீர்ப்பு தயாராக இருக்கும். "செத்தவன் பேரு ஒருத்தனுக்கும் தெரியல. போன்லயே பாத்துக்குங்க."

இந்த வருஷம் பொங்கலுக்குப் பிறகு வந்த படத்துக்குப் போனது வேறு மாதிரி. வெட்டியவன் தண்டனை முடிந்து விடுதலையாகி வந்திருந்தான். ஊரில் ஒருத்தரும் வேலை தரவில்லை. தர்மபுரியில் அந்தத் தியேட்டரின் வண்டி ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறான் என்று சேதி வந்தது. அவன் வெளியே வரட்டும், கழுத்தை எடுக்கிறேன் என்று அக்கா மாதா சிலை முன்னால் சத்தியம் செய்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மொபெட்டில் ஒரு துணிப்பை தொங்கியது. தொட்டுப் பார்த்தேன். கொடுவாள்.

"சினிமாவுக்கு எதுக்குங்க்கா இது?"

"வரும்போது ஆட்டுக்குத் தழ வெட்டலாம். ஏறு மாது."

ஸ்டெல்லாவுக்கு அப்போது நிச்சயம் ஆகியிருந்தது. அதைச் சொல்லிப் பார்த்தேன். வழி முழுக்கச் சொன்னேன். அக்கா மொபெட்டை இன்னும் வேகமாக முறுக்கினார்.

ஸ்டாண்டில் அவன் இல்லை, சாப்பிடப் போயிருந்தான். காத்திருப்போம் என்றார் அக்கா. நான் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். கேட்டில் இருந்தவர் பையைத் தடவிப் பார்த்து, இரும்புச் சாமானெல்லாம் உள்ளே விடமாட்டோம், ஸ்டாண்டில் கொடுங்கள் என்று தானே வாங்கி அனுப்பிவிட்டார். படம் முழுக்க வெட்டும் குத்தும்தான். அக்கா திரையைப் பார்க்கவே இல்லை. மூடிய வாய்க்குள் பல் நறநறக்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

வெளியே வந்தோம். அவன் ஸ்டாண்டில் நின்றிருந்தான். நரைத்துவிட்டான். எங்களைக் கண்டதும் பையை எடுத்தான். பிரித்துப் பார்த்திருக்கிறான். கொடுவாளை வெளியே எடுத்து, பிடியை அக்கா பக்கம் திருப்பி நீட்டினான்.

அக்கா வாங்கிக்கொண்டார்.

"செத்தவன் பேரு என்னடா?"

அவன் நிமிரவில்லை. "அருளப்பன்" என்றான். பிறகு, "சின்னப்பன் மவன் அருளப்பன்."

கொடுவாள் கீழே விழுந்தது. அக்கா வெறுங்கையால் அவனை அடித்தார். முகத்தில், வாயில், காதில், மாறி மாறி. உதடு கிழிந்து காக்கிச் சட்டையில் ரத்தம் வடிந்தது. அவன் கையைத் தூக்கவில்லை, ஓடவும் இல்லை. தடுக்க வந்தவர்களுக்கும் அடி விழுந்தது. எனக்கு ஒன்றும் தோன்றாமல் நான் கொடுவாளின் மேலே உட்கார்ந்துகொண்டேன். பாவாடை கிழிந்தது, தொடையில் கீறல். அந்தத் தழும்பு இருக்கிறது. ஆளாளுக்குப் பிடித்து விலக்கிய பிறகு அக்கா தரையில் உட்கார்ந்து, வீங்கிய விரல்களை மடித்து மடித்து நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மொபெட்டை நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். எனக்கு ஓட்டத் தெரியாது. எப்படி வூடு சேர்ந்தோம் என்பதையெல்லாம் இன்னொரு நாள் பேசலாம்.

மறுநாள் குழாயடியில் வழக்கம்போலக் கேட்டார்கள், படம் எப்படி என்று. அக்கா கையில் துணி சுற்றியிருந்தார்.

"படம் குப்ப. ஆனா தியேட்டருக்கே போய்ப் பாருங்க."

"குப்பைய எதுக்குங்க்கா அவ்ளோ தூரம் போய் பாக்கணும்?"

"போன்ல பாத்தா, முடிச்சிட்டு வெளிய வரும்போது எதுக்க யாரு நிப்பா?"

அதற்கப்புறம் அவர் தியேட்டருக்குப் போகவில்லை. ஸ்டெல்லா கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து, பந்தியில் சண்டை போட்ட மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவரைக் காதைத் திருகி உட்கார வைத்தார். அடங்கிப் போனார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியது ஒன்றுதான். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தது, நசுங்கிப் போனார்கள் என்று பஸ்ஸில் யாராவது சொன்னால், எப்படி ஆச்சு என்றுதான் முன்பெல்லாம் கேட்பேன். இப்போது செத்தவர்கள் பேரைக் கேட்கிறேன். முக்கால்வாசி நேரம் யாருக்கும் தெரிவதில்லை. பக்கத்து சீட்டில் கேட்கிறேன், முன்சீட்டில் கேட்கிறேன். என் ஸ்டாப்பு வந்துவிட்டால் இறங்கி, டீக்கடையில் கேட்கிறேன்.