துரையின் குதிரைக்குக் கொள்ளு வைத்தவர்

குருண் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நான் பால் வெட்டிய நாட்களில், துரையின் குதிரையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தார். குச்சி மாதிரி உடம்பு, தலையில் சாயம் போன சிவப்புத் துண்டு. பெயர் தெரியாது. எல்லாருக்கும் அவர் குதிரைக்கார அண்ணன்தான்.

துரை தோட்டத்தைச் சுற்றிவிட்டு இறங்கியதும் குதிரை கொள்ளுத் தொட்டியைப் பார்த்து இழுக்கும். அவர் விடமாட்டார். வேர்வை அடங்கும்வரை மெள்ள நடத்துவார். பிறகு தண்ணீர், பிறகு புல். அதற்கப்புறம்தான் வேகவைத்த கொள்ளு. அதிலும் ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிப் பார்க்காமல் வைக்கமாட்டார்.

ஒரு நாள் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு ஓடி வந்து, லாயத்து நிழலில் பழைய சோற்றை அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னும் மூச்சு வாங்குது, அதுக்குள்ள என்ன அவசரம் தங்கச்சி?" என்றார்.

"களையெடுக்கப் போகணும்ண்ணே. கங்காணி கத்துவாரு."

"கத்தட்டும். அவசரமாத் தின்னா குதிரைக்கே வயித்துவலி வரும். நீ என்ன இரும்பா?"

ஒரு சிரட்டைத் தண்ணீரை நீட்டினார். அம்மா செத்த பிறகு, நான் சாப்பிடுவதைப் பார்த்து யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு மீதிச் சோற்றை மெள்ளத் தின்றேன்.

கொஞ்ச நாளில் துரைக்கு மோட்டார் வண்டி வந்தது. குதிரையோடு அண்ணனும் போய்விட்டார். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

இன்றும் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தால் காது அந்தக் குரலுக்கு ஏங்குகிறது. அவர் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. "நீங்க சாப்பிட்டீங்களாண்ணே?" என்று ஒரு நாளாவது கேட்டிருக்கலாம்.