எச்சரிக்கையை அணைக்க மாட்டேன்

நான் சம்பளமில்லாத வேலை ஒன்று செய்கிறேன். யாரோ எழுதி எல்லோருக்கும் இலவசமாக விட்ட மென்பொருள்களை, எழுதிய வரிகளைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலரில் போட்டு, பழைய கணினிகளிலும் ஓடக்கூடிய பொதிகளாக்கிக் கொடுப்பது. மண்டைதீவில் எங்கள் குசினிக்குப் பக்கத்து அறையில் இருந்துகொண்டு, கரண்ட் இருக்கும் நேரம் செய்கிறேன்.

அப்படி நான் கட்டும் பொதிகளில் ஒன்றை என் அண்ணையும் பாவிக்கிறார். கடற்றொழில் செய்பவர். மீன் அகப்படக் கடலடியில் கூடு இறக்கிய இடத்தை ஜி.பி.எஸ் கருவியில் குறித்து வருவார். மென்பொருள் அதை வரைபடத்தில் காட்டும். அதைப் பார்த்துத்தான் பிறகு கூடு தூக்கப் போவார். சில தடவை கூடு அங்கே இருக்காது. களவெடுத்துப் போட்டாய் என்று பக்கத்துப் படகுக்காரரோடு கன்னாபின்னாவென்று சண்டை பிடிப்பார்.

போன வருடம் கம்பைலரின் புதிய பதிப்பு வந்ததும் இந்தப் பொதியைக் கட்ட முடியாமல் போய்விட்டது. கம்பைலர் தரும் எச்சரிக்கைகளையும் பிழைகளாகவே எடுத்து வேலையை நிறுத்து என்று அந்த மென்பொருளில் ஒரு வரி உண்டு. பழைய கம்பைலர் காணாத ஒன்றைப் புதியது கண்டு எச்சரித்தது: கருவியிலிருந்து இடத்தின் எண் வராவிட்டால், கணினியின் நினைவகத்தில் முன்பு கிடந்த ஏதோ ஓர் எண் கணக்குக்குள் போகலாம்.

இப்படிப் பொதி கட்டும் எங்கள் குழுவை நடத்துபவர் வெளிநாட்டில் இருக்கிறார். அந்த வரியை எடுத்துவிடு, எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், வெளியீடு நெருங்கிவிட்டது என்று எழுதினார். அது உண்மைதான். அநேகமான எச்சரிக்கைகள் வெறும் புறுபுறுப்பு. ஆனால் அதோடு நிற்காமல், கருவிக்குச் செய்மதியின் சைகை பிடிபடும் முன்பு யார்தான் இடத்தைக் குறிப்பார்கள் என்றும் கேட்டிருந்தார்.

அண்ணையிடம் போனேன்.

"அண்ணை, செய்மதி பிடிக்கும் வரைக்கும் நிண்டுதானே குறிக்கிறனீங்கள்?"

"உனக்கென்ன விசரே? கூடு இறக்கின இடத்திலை நிண்டால் மற்றவங்கள் கண்டுபோடுவாங்கள். இறக்கின கையோடை பட்டனை அமத்திப்போட்டு வந்துடுவன். இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. உங்கள் ஊரில் யாரும் செய்யாவிட்டால் என்ன, எங்கள் கடலில் எல்லாரும் செய்கிறார்கள், வரியை எடுக்க மாட்டேன் என்று குழு நடத்துபவருக்கு எழுதினேன். எண் வராவிட்டால் வரவில்லை என்றே சொல்லும்படி மென்பொருளைத் திருத்தியும் அனுப்பினேன். அதைச் சரிபார்க்க ஆளில்லை. பொதி இல்லாமலே வெளியீடு போனது. பிடிவாதக்காரி என்று எங்கெங்கோ இருந்தெல்லாம் ஏசினார்கள். ஏசட்டும். பொய் சொல்லும் பொதியை என் கையால் கட்டிக் கொடுக்க என்னால் முடியாது.

திருத்தியதை அண்ணையின் கணினியில் நானே போட்டுவிட்டேன். அடுத்த முறை கடலால் வந்தவர் கத்தினார்.

"என்னடி செய்து வைச்சிருக்கிறாய்? இடம் தெரியாதாம்! முந்தியெண்டால் ஏதோ ஒரு இடமாவது காட்டும்."

"ஓம் அண்ணை. அந்த ஏதோ ஒரு இடத்திலைதான் நீங்கள் கூட்டைத் தேடினனீங்கள். அந்தப் படகுக்கார மனுசன் ஒண்டும் களவெடுக்கேல்லை."