மாமாவின் படத்துக்கு மாலை இல்லை

புலம்பெயர்ந்து வந்த எங்கள் நகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலிலிருந்து ஜெனீவாவுக்கு விடியற்காலையில் பஸ் புறப்பட்டபோது எனக்குப் பதின்மூன்று வயது. உலகத்தையே கரைத்துக் குடித்துவிட்ட நினைப்பு. ஊரில் போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அதன் கடைசி நாட்களில் காணாமல் போன மாமாவின் படத்தை அம்மா மடியில் நிமிர்த்தி வைத்திருந்தார். நாடுகள் எல்லாம் கூடும் மாளிகைக்கு முன்னால் நடக்கும் ஆர்ப்பாட்டத்தில் நின்று, தன் தம்பி எங்கே என்று கேட்கப் போகிறார்.

முந்திய வாரம்தான் வகுப்பில் அந்த இடத்தைப் பற்றிப் படித்திருந்தேன். சும்மா இருப்பேனா? முதலாம் உலகப் போருக்குப் பிறகு, இனிமேல் சண்டையே வேண்டாம் என்று நாடுகள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்ததையும், அதற்காகத்தான் அந்த மாளிகையைக் கட்டியதையும், அடுத்த உலகப் போரைத் தடுக்க முடியாமல் சங்கம் கலைந்ததையும் பின் இருக்கைவரை கேட்கும்படி விளக்கினேன்.

"அம்மா, அது செத்துப்போன சங்கத்தின்ரை வீடு," என்று முடித்தேன்.

அம்மா அசரவில்லை. "செத்தவையின்ரை வீட்டிலை இப்ப வேற ஆக்கள் இருக்கினம்தானே? இருக்கிறவை பதில் சொல்லட்டும்."

பஸ்ஸே சிரித்தது. என் முகம் தொங்கிப்போனது.

மாளிகைக்கு முன்னால் நல்ல குளிர். இறந்தவர்களின் படங்களையும் காணாமல் போனவர்களின் படங்களையும் ஒரே பலகையில் வரிசையாக மாட்டினார்கள். திரான்சியிலிருந்து வந்திருந்த ஓர் அண்ணை, பாவம், நல்ல மனதோடுதான், ஒவ்வொரு படத்துக்கும் மாலை போட்டுக்கொண்டே வந்தார். மாமாவுக்கும் போட்டார். அம்மா பாய்ந்து போய் அதைப் பிடுங்கினார்.

"ஆரைக் கேட்டு என்ரை தம்பிக்கு மாலை போட்டனீங்கள்?"

"எல்லாருக்கும் போட்டனாங்கள் அக்கா..."

"செத்திட்டான் எண்டு உள்ளுக்கை இருக்கிறவை சொல்லட்டும். நான் சொல்லமாட்டன். அதுவரைக்கும் அவனுக்கு ஒரு பூவும் விழாது."

படத்தை மறுபடி பலகையில் மாட்டவும் விடவில்லை. கூட்டம் கலையும்வரை தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடியே நின்றார். கை உளையும், கொஞ்சம் இருங்கோ என்று சொன்னவர்களை முறைத்தார்.

எனக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது. மற்றவர்களெல்லாம் பூவும் பொலிவுமாக இருக்க, எங்கள் மாமா மட்டும் வெறுங்கழுத்தோடு இருந்தார். ஒரு மாலைக்கு இவ்வளவு சண்டையா என்று, திரும்பும் வழி முழுக்க நான் அம்மாவோடு பேசவில்லை. அந்தச் சங்கம் ஏன் தோற்றது என்ற கேள்விக்கு வகுப்பில் முழுப் புள்ளி வாங்கியவள் நான். பதில் சொல் என்று அப்படி நின்ற அம்மா, அந்தப் பதில் வந்துவிடக் கூடாதே என்றும் நடுங்கிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.